ஆபரேஷன் முடிந்த பிறகு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்திருந்தது. இடது பக்கம் குண்டாக ஒரு பெண், வலது பக்கம் அதே பெண் ஒல்லியாகச் சுடிதாரில். 'மூன்றே நாளில் வீடு திரும்பலாம்' என்று கொட்டை எழுத்து. அது பொய் இல்லை, நானும் அப்படித்தான் வீடு திரும்பினேன். ஆனால் திரும்பிய பிறகு என்ன என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. எவ்வளவோ இடம் வெள்ளையாகத்தான் கிடந்தது.

நான் மணப்பாறையில் லேடீஸ் டெய்லர். வயது 44. உயரம் 156 சென்டிமீட்டர், ஆபரேஷனுக்கு முன் எடை 118 கிலோ. சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு எல்லாம் இருந்தன. கடைக்கு ஏறும் மூன்று படியில் நடுப்படியில் நின்று மூச்சு வாங்குவேன். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது 75 கிலோ. இன்சுலின் ஊசி நின்றுவிட்டது. ராத்திரி குறட்டை இல்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார். ஆகவே ஆபரேஷனைத் திட்டுவதற்காக இந்தக் கடிதம் இல்லை. திரும்பவும் கேட்டால் திரும்பவும் செய்துகொள்வேன். ஆபரேஷனுக்குப் பிறகு எங்களைப் போன்றவர்களை யார் கவனிப்பது என்பதுதான் என் கேள்வி.

முதலில் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன், தெரியாமலே பலர் பேசுகிறார்கள். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது வேறு, இது வேறு. இரைப்பையின் மேல்பகுதியைச் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையாகப் பிரித்துத் தைத்துவிடுகிறார்கள். சிறுகுடலை ஓர் இடத்தில் வெட்டி, அந்தப் பையோடு நேராக இணைக்கிறார்கள். சாப்பாடு மிச்ச இரைப்பையையும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியையும் தொடாமல் போய்விடும். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகமாக உடம்பில் சேருவது அந்த ஆரம்பப் பகுதியில்தான். பி12 சேருவதற்கு இரைப்பையில் ஊறும் ஒரு சுரப்பு வேண்டும், அதுவும் சரியாகக் கலக்காது. ஆக, கொஞ்சமாகச் சாப்பிடுகிறோம், சாப்பிட்டதிலும் முழுதாக ஒட்டுவதில்லை. அதனால்தான் எடை குறைகிறது. அதே காரணத்தால்தான் சாகும்வரை சத்து மாத்திரை போட வேண்டும். ஒன்றை விளம்பரத்தில் போடுகிறார்கள், மற்றதைப் போடுவதில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு சாப்பாட்டு சார்ட் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆங்கிலம். கல்லூரியில் படிக்கும் என் மகள் படித்துச் சொன்னாள்: ஓட்ஸ், ப்ரோக்கோலி சூப், கிரீக் யோகர்ட், கினோவா. மணப்பாறை சந்தையில் ப்ரோக்கோலிக்கு எங்கே போவது? முதல் இரண்டு வாரம் தண்ணீராகவும், அடுத்த இரண்டு வாரம் மிக்சியில் அரைத்ததாகவும், அப்புறம் இரண்டு வாரம் குழைவாகவும், பிறகு மெல்ல மெல்லச் சாதாரணச் சாப்பாடு என்பது கணக்கு. ஒரு நாளைக்கு 60 கிராமிலிருந்து 80 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். எண் சரிதான். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பில் அது எப்படி வரும் என்று சொல்ல ஆள் இல்லை.

நானும் மகளும் உட்கார்ந்து போன வருடக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு சார்ட் எழுதினோம். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். பால் 100 மில்லியில் 3. மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, சீரகம் மட்டும் போட்டு வடிகட்டினால் முதல் வாரத்துக்கு ஆயிற்று. அரைக்கும் கட்டத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலை இஞ்சியோடு அரைத்துக் கூழாக்கினோம். முள் எடுத்த மீனை ரசத்தில் மசித்துச் சாப்பிட்டேன். பொட்டுக்கடலை மாவை மோரில் கரைத்துக் குடித்தேன். ஆட்டுக்கால் சூப் உடம்பைத் தேற்றும் என்று நாத்தனார் தூக்குவாளியில் கொண்டுவந்தார். மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் நின்றது. அந்த எண்ணெய் எனக்கு ஆகாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். ஆபரேஷன் ஆனவரின் வீட்டில் ஆபரேஷன் ஆகாதவருக்கு எடை ஏறும் என்பதை அந்த மாதம் தெரிந்துகொண்டோம்.

சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் என்னைப் படுத்தியது. நமக்குச் செம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடித்துத்தான் பழக்கம். அது இனி முடியாது. நாலு மிடறு சேர்ந்து இறங்கினால் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ முட்டியால் அழுத்துவது மாதிரி இருக்கும். மிடறு மிடறாக நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். மே மாதத்தில், மின்விசிறி நின்ற கடையில், தொண்டை வறண்டு போய்ப் பாட்டிலில் உதட்டை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. தையல் மெஷின் பக்கத்தில் பாட்டிலை வைத்துக்கொண்டு, ஒரு தையல் முடிந்தால் ஒரு மிடறு என்று வைத்துக்கொண்டேன். பிளவுஸின் பக்கத் தையல், தோள் தையல், கை ஏற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மிடறு. அப்படிப் பழகிற்று.

அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

இரண்டாம் மாதம் வாந்தி ஆரம்பித்தது. முதலில் சாதம் நிற்கவில்லை, பிறகு மசித்ததும் நிற்கவில்லை, கடைசியில் தண்ணீர்கூட. 'ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். ரொம்பத் தளர்ந்த பிறகு பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்றியதும் தெம்பு வரும் என்று பார்த்தால் தலை சுற்றல் கூடியது. கடைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். காலை மோட்டார் பெடலில் வைத்தால் பெடல் இருப்பதே தெரியவில்லை. செருப்போடு வைத்துவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன், வெறுங்கால்தான். அழுத்தினேனா இல்லையா என்று மெஷின் ஓடும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. ஊசி தன் பாட்டுக்குத் துணியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி பிடித்து ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போனோம். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் என் கண்ணை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வியே, 'வாந்தி எத்தனை நாளா? நடுவுல குளுக்கோஸ் ஏத்துனாங்களா?' என்பதுதான். உடனே பி1 வைட்டமினை, தயமின் என்பார்களே அதை, நரம்பில் ஏற்றினார்கள். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்த்ததில் பையும் குடலும் சேரும் இணைப்பு சுருங்கிப் போயிருந்தது. பலூன் விட்டு விரித்தார்கள். வாந்தி நின்றது. கால் மரத்துப் போனது முழுதாகத் திரும்ப மாதக்கணக்கில் ஆயிற்று.

அந்த டாக்டர் சொல்லித்தான் தெரியும்: உடம்பில் பி1 கையிருப்பு சில வாரத்துக்குத்தான் இருக்கும். விடாமல் வாந்தி எடுத்தால் அது தீர்ந்துவிடும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், குளுக்கோஸை எரிக்க மிச்சம் மீதி இருக்கும் பி1-உம் செலவாகிவிடும். நரம்பு கெடும், மூளைக்கும் போகலாம், சரியான நேரத்தில் கவனிக்காவிட்டால் திரும்பாமலே போகலாம். முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ். இது விலை உயர்ந்த மருந்துகூட இல்லை. எங்கள் ஊர் கிளினிக் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தினமும் பார்ப்பது காய்ச்சலும் சளியும் வயிற்றுப்போக்கும்தான், வாந்திக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது அவருக்கு வாடிக்கை. என் வயிற்றுக்குள் பாதை மாறியிருக்கிறது என்று அவருக்குப் புரியும்படி சொல்ல என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. 'பைபாஸ் ஆகியிருக்கு சார்' என்றதும் அவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து இதயத்தைக் கேட்டார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

இப்போது என் பர்சில் ஒரு அட்டை இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் நானே அடித்து லேமினேட் செய்துகொண்டது. எனக்கு நடந்தது வயிற்று பைபாஸ், இதய பைபாஸ் அல்ல. விடாத வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின் கொடுங்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை வலி மருந்து ஊசியாகவும் வேண்டாம், மாத்திரையாகவும் வேண்டாம். மூக்கு வழியாகக் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்க வேண்டாம். இந்த எண்ணுக்கு போன் செய்யுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும். என் மருத்துவமனையில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். 'நல்லா இருக்கேம்மா' என்றார். நல்லா இருக்கிறது என்றால் ஆபரேஷன் செய்யும் ஒவ்வொருவருக்கும் நீங்களே கொடுக்கலாமே சார் என்று கேட்டேன். சிரித்தார்.

வலி மருந்து பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கழுத்து வலியும் இடுப்பு வலியும் தையல்காரியோடு கூடப் பிறந்தவை. நம் ஊர் மெடிக்கலில் போய், 'தம்பி, உடம்பு வலிக்கு ஒரு செட் குடு' என்றால், நாலு கலரில் மாத்திரையைப் பிய்த்து ஒரு காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். எது என்ன என்று வாங்குபவருக்கும் தெரியாது. அதில் பெரும்பாலும் ஒன்று இந்த வகையாக இருக்கும். பைபாஸ் ஆனவருக்கு அது இணைப்பில் புண் உண்டாக்கும், ரத்தம் கசியும், ஓட்டைகூட விழலாம். எனக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். கடைக்காரத் தம்பிக்கு இதைப் புரியவைக்க ஒரு வருடம் ஆயிற்று. இப்போது நான் படி ஏறினாலே அவன் 'அக்கா, உங்களுக்குப் பாரா மட்டும்' என்கிறான்.

அதே கடையில் கால்சியம் கேட்டால் கார்பனேட் கொடுப்பார்கள். எங்களுக்கு சிட்ரேட்தான் நல்லது, கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், எங்கள் சின்னப் பையில் அது குறைவு. அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது. கடைத்தெருவில் தொழில் செய்கிறவளுக்கு 11 மணிக்கு ஒரு டீ, 4 மணிக்கு ஒரு டீ, நடுவில் வாடிக்கையாளர் வாங்கித் தருவது தனி. ஒரு நாளை இந்த மாத்திரைகளுக்குள் அடக்குவது ஒரு பிளவுஸ் பீஸில் இரண்டு பிளவுஸ் வெட்டும் வேலை.

நாலாம் மாதம் முடி கொட்டியது. இதைச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வாரினால் சீப்பில் கொத்துக் கொத்தாக வரும்போது சொல்லி வைத்தது எதுவும் நினைவுக்கு வராது. பின்னல் சுண்டு விரல் தடிமனுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மல்லிகைப் பூ வைத்தால் நிற்காமல் சரிந்து விழும், இரண்டு பக்கமும் ஊசி குத்தினால்தான் நிற்கும். திடீர் எடைக்குறைவில் முடி உதிர்வது இயல்பு, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும். எனக்கும் முளைத்தது. பயந்து போய் விளம்பரத்தில் வரும் எண்ணெய்களுக்கு யாரும் காசைக் கொட்ட வேண்டாம்.

நம் ஊரில் திடீரென்று இளைத்தவரைப் பார்த்து யாரும் 'நல்லா இருக்கே' என்று சொல்வதில்லை. 'என்னக்கா, சுகர் முத்திருச்சா?' என்பார்கள். இரண்டு பேர் அதைவிடப் பெரிய நோயின் பெயரை என் காதுபடவே கிசுகிசுத்தார்கள். ஒரு வாடிக்கையாளர், என்னால் தைத்துத் தர முடியுமோ என்னவோ என்று கொடுத்திருந்த துணியைத் திரும்ப வாங்கிப் போனார். ஆபரேஷன் என்று சொன்னால் அடுத்த பேச்சு தயாராக இருக்கும்: 'வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டியா?' வாயைக் கட்டிப் பார்க்காதவளா நான்? கொள்ளு ரசத்திலிருந்து பட்டினி வரை எல்லாம் பார்த்தாயிற்று. 118 கிலோ என்பது சோம்பேறித்தனத்தின் எடை இல்லை. அது உடம்பின் சுரப்பும் பசியும் சேர்ந்து செய்கிற வேலை. இதற்கு மேல் கடைக்கு வருகிற எல்லோரிடமும் வகுப்பு எடுக்க முடியாது, அதனால்தான் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணப் பந்தி தனிச் சோதனை. இலையில் மிச்சம் வைத்தால் பெண் வீட்டாருக்கு முகம் வாடும். 'போதும்' என்றால் பரிமாறுகிறவர் கேட்கமாட்டார், கையை இலைக்கு மேல் குறுக்கே நீட்டினாலும் இடுக்கில் ஒரு கரண்டி விழும். அக்கா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். இலை நிறைய நிறைய அவன் இலைக்கு மாற்றிவிடுவேன். அவனுக்குப் பதினாறு வயது, அவனுக்கு இந்த ஏற்பாட்டில் புகார் எதுவும் இல்லை.

வேப்பிலை மாரியம்மன் கோயிலில் ஒருமுறை சர்க்கரைப் பொங்கல் பிரசாதம். அம்மன் பிரசாதத்தை எப்படி வேண்டாம் என்பது? தொன்னையில் பாதி சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, புடவை நனைகிற அளவுக்கு வேர்த்தது, கை கால் நடுங்கியது, நிற்க முடியாமல் தூணைப் பிடித்து ஆடினேன். பக்கத்தில் இருந்த பெண்கள் 'ஆத்தா வந்துட்டா' என்று குலவை போட்டார்கள். ஒருவர் நெற்றி நிறைய விபூதி பூசினார். இன்னொருவர் தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று என்னிடம் கேட்டார். வாயைத் திறந்து 'இது டம்பிங்' என்று சொல்லக்கூடத் திராணி இல்லை. இனிப்பு அந்தச் சின்னப் பையில் தங்காமல் நேராகக் குடலில் போய் இறங்கினால் உடம்பு இப்படிப் பதறும். படுத்திருந்தால் அடங்கிவிடும். கோயில் திண்ணையில் படுத்தேன், காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். தை மாதம் வரன் வரும் என்றாவது சொல்லியிருக்கலாம் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்கிறார்.

இனிப்பு இப்படித் தண்டிக்கிறது, அதனால் அதை விட்டுவிடலாம். தண்டிக்காததுதான் ஆபத்து. பரோட்டாவும் சப்பாத்தியும் நெஞ்சில் அடைக்கும். கோழிக்கறி காய்ந்திருந்தால் அடைக்கும். ஆனால் முறுக்கு அடைக்காது. வாயில் பொடிந்து, எச்சிலில் கரைந்து, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. எங்கள் ஊர் முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பட்டாசு வெடிக்காத குறை. எனக்கும் பெருமைதான். ஆனால் பக்கத்துக் கடை முறுக்கு அடுப்பின் வாசனை மெஷின்வரை வருகிறது. ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பிறகு எடை மெல்லத் திரும்ப ஏறத் தொடங்குவது பலருக்கும் நடக்கிறது. சும்மா கொறிக்கும் மொறுமொறு தீனி அதில் பெரிய பங்கு வகிக்கிறது. ஓ.பி. பெஞ்சில் சந்தித்த ஒருவருக்கு அது சாராயமாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மது சட்டென்று ரத்தத்தில் ஏறும், முன்னைவிடச் சீக்கிரம் அடிமையாக்கும் என்பதை அவரிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. இனிப்புக் கிடைக்காத நாக்கு வேறு எதையோ தேடுகிறது என்று அவர் மனைவி சொன்னார். அந்த அம்மாள் சொன்னது டாக்டர்கள் சொன்னதைவிட எனக்குப் புரிந்தது.

தோல் தொங்குகிறது. மேல்கை, அடிவயிறு, தொடை. வெயில் காலத்தில் மடிப்பில் வேர்த்துப் புண்ணாகும். எனக்குத் தொழில் தெரியும் என்பதால் மல் துணியில் அடிவயிற்றைத் தாங்கும் உள்பட்டை ஒன்று வெட்டித் தைத்துக்கொண்டேன், தினம் துவைத்து மாற்றுகிறேன். தோலை வெட்டிச் சரிசெய்ய இன்னொரு அறுவை சிகிச்சை இருக்கிறது. அது அழகுக்கானது என்று இன்சூரன்ஸ் பெரும்பாலும் தள்ளிவிடும்.

இன்சூரன்ஸ் என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35-க்கு மேல் இருந்து கூடவே கட்டுக்கு அடங்காத சர்க்கரை, தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை, இதய நோய் போன்றவை இருந்தால்தான் இந்த ஆபரேஷனுக்குப் பணம் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி. எனக்கு 48, அதனால் ஒரு பகுதி கிடைத்தது, மிச்சத்துக்கு நகை அடகுக்குப் போனது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாளோ 90 நாளோ வரைக்கும் பில் தருவார்கள். அதோடு சரி. ஆபரேஷனுக்குப் பிறகான தேவை எல்லாம் அந்தக் கெடு முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. மாதாமாதம் மாத்திரை, வருடத்துக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபின், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பிடிஎச் சுரப்பு என்று ரத்தப் பரிசோதனை. லேபில் பில்லைப் பார்க்கும்போது இதற்கு எத்தனை லைனிங் பிளவுஸ் தைக்க வேண்டும் என்று மனசு தன்னால் கணக்குப் போடும். என்னோடு அதே வாரம் ஆபரேஷன் ஆனவர்களில் பலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். 'நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு டெஸ்ட்?' என்கிறார்கள். பி12 கல்லீரலில் நிறையச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்து குறை வெளியே தெரிய ஒன்றிரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சரியாக எல்லோரும் மருத்துவமனையை மறந்திருக்கும் நேரம்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து உயிரிழந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் ஆபரேஷன் மேசையில் நடப்பது மட்டும்தான் செய்தியாகிறது. மூன்றாம் வருடம் ஒரு பெண் ரத்தசோகையில் வெளுத்து, கால் எரிச்சலில் தூங்காமல், எலும்பு தேய்ந்து போவது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

விளம்பரம் வந்த மறுநாளே ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கல்யாணப் பிளவுஸுக்கு அளவு கொடுக்க. கூடவே அந்தப் பேப்பரும் மடித்துப் பையில் இருந்தது. 'மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்குன்னாங்க. நீ பண்ணிக்கிட்டியே, எவ்ளோ ஆச்சு?' என்று கேட்டார். பெண்ணுக்கு 22 வயது. நோய் எதுவும் இல்லை, எடையும் அப்படி ஒன்றும் இல்லை. டேப்பைச் சுற்றும்போதே எனக்குத் தெரியும், என் கைக்கு அது பழக்கம். ஆபரேஷன் ஆனால் 12 மாதத்திலிருந்து 18 மாதம்வரை கர்ப்பமாகக் கூடாது என்று சொன்னேன். எடை குறையும்போது கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு முன்பைவிடக் கூடும் என்பதையும், பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரைகூடச் சரியாக உடம்பில் சேராமல் போகலாம், வேறு வழி டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சொன்னேன். கல்யாணமான மூன்றாம் மாதம் 'விசேஷம் உண்டா?' என்று கேட்கிற ஊரில் இந்தப் பெண் மாமியாரிடம் என்ன பதில் சொல்வாள்? அந்த அம்மா, 'அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவாரு' என்றார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பக்கமும் பிரித்து விடுகிற மாதிரி உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். இன்னும் வாங்க வரவில்லை.

டாக்டர்கள் சங்கங்கள் 2022-ல் அளவுகோலைத் தளர்த்தியிருக்கின்றன, ஆசிய உடம்புக்கு பிஎம்ஐ 27.5-க்கு மேலேயே ஆபரேஷனை யோசிக்கலாம் என்று. மருத்துவக் காரணம் இருக்கும். ஆனால் வாசலை அகலமாகத் திறப்பவர்கள் உள்ளே வந்தவர்களுக்கு உட்கார இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சார்ட்டைத் தமிழில், நம் பருப்பும் மீனும் வைத்து எழுதிக் கொடுங்கள். என் பர்சில் இருக்கும் அட்டையை மருத்துவமனை தன் முத்திரையோடு கொடுக்கட்டும். ஆபரேஷனுக்கு வாங்கும் பணத்திலேயே முதல் இரண்டு வருட ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து வாங்கிவிட்டால் யாரும் வராமல் இருக்கமாட்டார்கள். கட்டின காசுக்காகவாவது வருவார்கள், நம் ஜனங்களை எனக்குத் தெரியும். அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. எங்கள் தெருவுக்கு வரும் பெண், 'அக்கா, உங்களுக்குத்தான் சுகர் இல்லையே' என்று என்னை விட்டுவிட்டுப் போகிறாள். சுகர் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. திரும்பி வரலாம், வருடா வருடம் பார்க்க வேண்டும். அவள் கையில் இருக்கும் நோட்டில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பத்தி சேர்த்து, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பி12 ஊசிக்கும் ஹீமோகுளோபின் பார்ப்பதற்கும் வழி செய்தால் போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். விளம்பரம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை, அதில்தான் பத்திரிகை நடக்கிறது என்று தெரியும். அடுத்த முறை அந்த முழுப்பக்கம் வரும்போது, எதிர்ப்பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி ஒரு நல்ல டாக்டரையும் டயட்டீஷியனையும் எழுதச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகான வருடங்களைப் பற்றி.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாதென்றால் பந்தியையும் கோயிலையும் முறுக்கையும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். வாந்தி, தயமின், குளுக்கோஸ் என்று வருகிற பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மணப்பாறை, திருச்சி மாவட்டம்.